ஆக்சஸ் வந்துடுச்சா?

ஒப்பந்தத்தில் சேர்ந்த புரோகிராமரை முதல் மாதம் முழுக்க எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "ஆக்சஸ் வந்துடுச்சா?" வெண்டர் கம்பெனி எச்ஆர் போனில் கேட்பார். பக்கத்து சீட்காரர் டீக்குக் கூப்பிடும்போது கேட்பார். க்ளையன்ட் மேனேஜர் காலை ஸ்டாண்ட்அப்பில் கேட்பார். அந்த ஆக்சஸுக்கு அப்ரூவல் தர வேண்டியவரே தான்தான் என்பது மேனேஜருக்கு நினைவிருக்காது.

தரமணியிலும் சிறுசேரியிலும் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க வங்கிக்கோ காப்பீட்டு நிறுவனத்துக்கோ வேலை பார்க்கும் கான்ட்ராக்டர்களுக்கு இது பழகிப்போன கதை. சம்பளம் போடுவது ஒரு கம்பெனி, சீட் கொடுப்பது இன்னொரு கம்பெனி, கம்ப்யூட்டருக்கு விதி வகுப்பது கடல் தாண்டி இருக்கும் மூன்றாவது கம்பெனி. விதிகளெல்லாம் நிரந்தர ஊழியரை மனதில் வைத்து எழுதியவை. கான்ட்ராக்டர் அவற்றுக்குள் இடைச்செருகலாக நுழைகிறவர். சேரும் நாளிலிருந்து கிளம்பும் நாள் வரை வழியில் என்னென்ன நிற்கும், எதை எப்படித் தாண்டுவது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பிஜிவி எனப்படும் பின்னணிச் சரிபார்ப்பு. மார்க் ஷீட், ரிலீவிங் லெட்டர், பிஎஃப் சர்வீஸ் ஹிஸ்டரி எல்லாம் கேட்பார்கள். வெண்டர் பார்த்ததையே க்ளையன்ட்டும் மறுபடி பார்ப்பார். இதில் சண்டை போட்டுப் பயனில்லை. பிஎஃப் கணக்கில் பழைய கம்பெனியை விட்டு விலகிய தேதி ஏறியிருக்கிறதா என்பதை மட்டும் ஆஃபர் கைக்கு வந்த அன்றே பார்த்துவிடுங்கள். நிறைய பேருடைய ஃபைல் அங்கேதான் சிக்குகிறது.

அடுத்தது ஓடிசி. க்ளையன்ட்டுக்கென்று தனியாகப் பூட்டி வைத்த தளம். வாசலில் லாக்கர் இருக்கும். போனை அதில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பென் டிரைவ் கூடாது, சில இடங்களில் பேனாவும் தாளும்கூடக் கூடாது. இதற்குப் பின்னால் காரணம் இருக்கிறது. 2013இல் அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏவின் ஆவணங்களை வெளியே கொண்டுவந்த எட்வர்ட் ஸ்னோடன், அங்கே பூஸ் ஆலன் ஹாமில்டன் என்ற நிறுவனத்தின் வழியாக வேலை பார்த்த கான்ட்ராக்டர். அதே ஆண்டின் கடைசியில் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி கார்டு எண்கள் திருடுபோயின. திருடர்கள் உள்ளே நுழையப் பயன்படுத்தியது குளிர்சாதன வேலை செய்த ஒரு வெளி ஒப்பந்ததாரரின் லாகின். நம் மேல் விழும் சந்தேகப் பார்வையில் பாதி அந்த ஒரு வருஷத்துக் கணக்கு.

சிக்கல் விதியில் இல்லை. இரண்டு விதிகளை இரண்டு டீம்கள் ஒருவரை ஒருவர் கேட்காமல் எழுதுவதில் இருக்கிறது. நான் வேலை பார்த்த ஒரு ஓடிசியில் போனுக்குத் தடை. லாகின் செய்ய ஓடிபி வேண்டும். ஓடிபி வரும் ஆப் போனில் இருக்கிறது. அந்த ஆறு இலக்க எண் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும். காலையில் லாக்கர் பக்கம் போனால் வேடிக்கையாக இருக்கும்: ஒருவர் போனைக் கையில் பிடித்து, புது எண் வருகிற கணத்துக்காகக் காத்திருப்பார். வந்ததும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே கார்டைத் தேய்த்து, கதவைத் தள்ளி, சீட்டுக்கு ஓடுவார். கதவருகே சீட் கிடைத்தவர் அதிர்ஷ்டசாலி. சிலர் உள்ளங்கையில் எழுதிக்கொள்வார்கள். பேனா அனுமதி உண்டு என்றால்.

இதற்கு ஒரே வழி, சேர்ந்த அன்றே ஹார்டுவேர் டோக்கனுக்கு டிக்கெட் போடுவது. சாவிக்கொத்தில் மாட்டும் அளவுக்குச் சின்னச் சாதனம். பெரும்பாலான கம்பெனிகளில் உண்டு, கேட்டால்தான் கொடுப்பார்கள்.

முதல் பாஸ்வேர்டு க்ளையன்ட் மெயிலுக்கு வரும். அந்த மெயிலைத் திறக்க அதே பாஸ்வேர்டு வேண்டும். ஹெல்ப்டெஸ்க்குக்கு போன் செய்தால் தற்காலிக பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாகச் சொல்வார்கள். மாற்றிக்கொண்டு உள்ளே போனால், பாதிப் பேருக்குக் கிடைப்பது விடிஐ: எங்கோ ஒரு டேட்டா சென்டரில் ஓடும் கம்ப்யூட்டர், உங்கள் திரையில் அதன் படம் மட்டும். தட்டிய எழுத்து திரைக்கு வர ஒரு நொடித் தயக்கம் இருக்கும். உள்ளே காப்பி செய்ததை வெளியே ஒட்ட முடியாது. எரர் மெசேஜை நண்பரிடம் காட்ட வேண்டுமானால் பார்த்துப் பார்த்து டைப் செய்ய வேண்டும். இந்தக் கட்டத்தில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி: இது பர்சிஸ்டன்ட் விடிஐயா, இல்லையா? இல்லை என்றால், நீங்கள் லாக் ஆஃப் செய்ததும் அது புது மெஷினாகிவிடும். பகல் முழுக்க இன்ஸ்டால் செய்ததெல்லாம் போய்விடும். புரோகிராமருக்கு பர்சிஸ்டன்ட் மெஷின்தான் வேண்டும். அதற்கும் தனி டிக்கெட்.

இனி ப்ராக்ஸி. இங்கேதான் நல்ல புரோகிராமர்களும் தங்களுக்கே வேலை தெரியவில்லையோ என்று மலைத்து நிற்பார்கள்.

ப்ரௌசரில் இன்டர்நெட் வரும். டெர்மினலில் ஒரு பைத்தான் பேக்கேஜை இறக்கப் போனால் 407 என்று எரர் வரும். ப்ராக்ஸி உங்களிடம் யார் என்று கேட்கிறது. ப்ரௌசர் விண்டோஸ் லாகினை எடுத்துக்காட்டிப் பேசாமல் உள்ளே போய்விடுகிறது, டெர்மினல் கருவிகளுக்கு அது தெரியாது. ப்ராக்ஸி முகவரியை என்விரான்மென்ட் வேரியபிளாகக் கொடுத்து, கூடவே ஐடியையும் பாஸ்வேர்டையும் எழுதச் சொல்வார்கள். பாஸ்வேர்டில் @ இருந்தால் அந்த முகவரி அங்கேயே உடையும், ஏனென்றால் பாஸ்வேர்டு எங்கே முடிகிறது, சர்வர் பெயர் எங்கே தொடங்குகிறது என்பதற்கு அடையாளமே @தான். அதன் இடத்தில் %40 என்று எழுத வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் அரை நாளைத் தொலைத்தவர்களை எல்லா டீமிலும் பார்க்கலாம்.

ஆனால் பாஸ்வேர்டை இப்படி எழுதி வைப்பதே எனக்குப் பிடிக்காது. அந்த வரி இருக்கும் ஃபைலைத் திறப்பவர் எல்லோருக்கும் பாஸ்வேர்டு தெரியும் என்பது ஒன்று. பாஸ்வேர்டு மாறும் நாளில் அது உங்களையே கடிக்கும் என்பது இன்னொன்று. நீங்கள் காலையில் புது பாஸ்வேர்டு வைக்கிறீர்கள். ஃபைலில் உட்கார்ந்திருக்கும் பழைய பாஸ்வேர்டு பின்னணியில் ஐந்தாறு முறை கதவைத் தட்டுகிறது. தவறான முயற்சி அதிகமாகிவிட்டது என்று அக்கவுன்ட் லாக் ஆகிவிடுகிறது. ஹெல்ப்டெஸ்க் திறந்துவிடும், பத்து நிமிஷத்தில் மறுபடி லாக். குற்றவாளி நீங்களே எழுதி வைத்த ஒரு வரி. கிட்டில் சேமித்த பாஸ்வேர்டு, மூடாமல் விட்ட ரிமோட் செஷன், போனில் இருக்கும் மெயில் ஆப் இவையும் இதே வேலையைச் செய்யும். பாஸ்வேர்டு மாற்றும் முன் இந்த நான்கையும் பார்த்துவிடுங்கள். டீம் ஆர்க்கிடெக்டிடம் கேட்டால், விண்டோஸ் லாகினையே ப்ராக்ஸிக்குக் காட்டும் உள்ளூர் ரிலே ஒன்றுக்கு கம்பெனி அனுமதி வைத்திருக்கிறதா என்று சொல்வார். இருந்தால் அதுதான் சரியான வழி.

(பாஸ்வேர்டை 90 நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதே பழைய வைத்தியம். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட், காரணமில்லாமல் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று 2017இலேயே தன் வழிகாட்டியில் எழுதிவிட்டது. மாற்றச் சொன்னால் மக்கள் கடைசி எண்ணை ஒன்று கூட்டுவார்கள், அவ்வளவுதான்.)

407ஐத் தாண்டினால் சர்டிஃபிகேட் எரர். கம்பெனி ப்ராக்ஸி, நீங்கள் பேசும் மறைகுறியிட்ட இணைப்பை நடுவில் திறந்து பார்த்து, தன் சொந்தச் சான்றிதழை வைத்து மறுபடி மூடி அனுப்புகிறது. விண்டோஸுக்கு அந்தச் சான்றிதழ் அறிமுகமானது, அதனால் ப்ரௌசர் முணுமுணுக்காது. ஜாவா, நோட், பைத்தான் ஆகியவை தங்களுக்கென்று தனிச் சான்றிதழ்ப் பட்டியல் வைத்திருக்கின்றன. அவற்றுக்கு இது அந்நியன். விண்டோஸ் சர்டிஃபிகேட் ஸ்டோரிலிருந்து கம்பெனியின் ரூட் சான்றிதழை பேஸ்64 வடிவில் ஏற்றுமதி செய்து, ஒவ்வொரு கருவிக்கும் அந்த ஃபைலைக் காட்ட வேண்டும். ஜாவாவுக்கு அதன் கீஸ்டோரில் சேர்க்க வேண்டும். பைத்தானின் பிப் மட்டும் 24.2 பதிப்பிலிருந்து, பைத்தான் 3.10 அல்லது அதற்கு மேல் இருந்தால், தானாகவே விண்டோஸ் பட்டியலைப் பார்த்துக்கொள்கிறது. அதனால் பிப்பைப் புதுப்பித்தாலே ஒரு தலைவலி குறையும்.

இன்டர்நெட்டில் தேடினால் பத்தில் எட்டுப் பேர், "சரிபார்ப்பை அணைத்துவிடு, வேலை முடிந்தது" என்பார்கள். செய்யாதீர்கள். அணைத்த அந்த ஒரு வரி உங்கள் மெஷினோடு நிற்காது. ஸ்கிரிப்ட்டில் ஏறி, பில்டில் ஏறி, புரொடக்‌ஷன் வரை போகும். ஆடிட்டில் அதைக் கண்டுபிடிக்கும்போது கமிட்டில் இருப்பது உங்கள் பெயர்.

அடுத்து மென்பொருள் கேட்டு வாங்குவது. பேக்கேஜ்கள் நேரடியாக இன்டர்நெட்டிலிருந்து வராது. கம்பெனியின் உள் ரெப்பாசிட்டரி வழியாகத்தான் வரும். 2021 டிசம்பரில் லாக்4ஜே ஓட்டை வெளிவந்தபோது, எந்தெந்த அப்ளிகேஷனுக்குள் அந்த லைப்ரரி ஒளிந்திருக்கிறது என்று தெரியாமல் உலகம் முழுக்கக் கம்பெனிகள் தூக்கம் தொலைத்தன. அதற்குப் பிறகு இந்தக் கதவு இன்னும் இறுகிவிட்டது. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

குறை சொல்ல வேண்டியது, நிராகரிக்கும்போது காரணம் சொல்லாமல் விடுவதை. டாக்கர் டெஸ்க்டாப் கேட்டு டிக்கெட் போட்டால் "நாட் அப்ரூவ்ட்" என்று ஒரு வரி வரும். கான்ட்ராக்டர் அதைப் பாதுகாப்புப் பிரச்சினை என்று நினைத்து, இரண்டு பக்கத்துக்குப் பாதுகாப்பு விளக்கம் எழுதி மறுபடி அனுப்புவார். மறுபடியும் அதே வரி. உண்மையில் அது லைசென்ஸ் பிரச்சினை. 250 பேருக்கு மேல் வேலை செய்யும், அல்லது ஆண்டு வருமானம் 1 கோடி டாலரைத் தாண்டும் நிறுவனங்கள் காசு கொடுத்துத்தான் அதைப் பயன்படுத்த வேண்டும் என்று 2021இல் விதி மாறியது. ஆரக்கிள் ஜாவாவுக்கு 2023 ஜனவரியில் வந்த புது முறைப்படி, யார் பயன்படுத்துகிறார் என்று பார்க்காமல் மொத்த ஊழியர் எண்ணிக்கைக்குக் கட்டணம். கான்ட்ராக்டரையும் அந்த எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்கிறார்கள். நீங்கள் சாதாரணமாக இறக்கிய ஒரு ஃபைல் கம்பெனிக்கு லட்சக்கணக்கான டாலர் பில்லாக முடியலாம். அதனால் டிக்கெட் போடும் முன் அந்த மென்பொருளின் வணிக லைசென்ஸைப் படியுங்கள். டாக்கர் டெஸ்க்டாப்புக்குப் பதில் பாட்மேன், ஆரக்கிள் ஜாவாவுக்குப் பதில் டெமுரின் அல்லது கொரெட்டோ என்று கேளுங்கள். இலவச லைசென்ஸின் பெயரை டிக்கெட்டிலேயே எழுதிவிட்டால் பாதிக் கேள்வி அடங்கிவிடும்.

டிக்கெட் எழுதுவதும் ஒரு கலை. "டூல் வேலை செய்யவில்லை, ப்ளீஸ் ஹெல்ப்" என்று எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? "கூடுதல் விவரம் தேவை" என்று ஒரு பதில் போட்டு, டிக்கெட்டை "யூசருக்காகக் காத்திருக்கிறது" என்ற நிலைக்குத் தள்ளுவார்கள். அந்த நிலையில், எத்தனை நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று எண்ணும் அவர்களுடைய எஸ்எல்ஏ கடிகாரம் நின்றுவிடும். உங்கள் கடிகாரம் ஓடும். நீங்கள் மூன்று நாள் மெயில் பார்க்காவிட்டால், பதில் இல்லை என்று டிக்கெட்டை மூடியும் விடுவார்கள். டேஷ்போர்டில் அது "தீர்க்கப்பட்டது" என்று பச்சையாக இருக்கும். யாரும் பொய் சொல்லவில்லை, வேலையும் நடக்கவில்லை.

அதனால் முதல் முறையே முழுசாக எழுதுங்கள். மென்பொருளின் பெயர், பதிப்பு எண், எந்த மெஷின், எந்தப் ப்ராஜெக்ட், செலவு எந்தக் கணக்கில், எரர் வந்த நேரம், எரரின் சரியான வாசகம், இதே ஆக்சஸ் ஏற்கெனவே உள்ள டீம்மேட்டின் ஐடி. கடைசியில் சொன்னதுதான் பிரம்மாஸ்திரம். "அவருக்குக் கொடுத்ததை எனக்கும் கொடுங்கள்" என்றால் அப்ரூவர் யோசிக்க வேண்டியதில்லை. யோசிக்க வைத்தால் அவர் தள்ளிப்போடுவார். அவர் நியூஜெர்சியில் இருக்கிறார் என்று வையுங்கள். அவருடைய காலை 9 மணி நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. சென்னையில் ஆறு மணிக்கு ஷட்டில் பஸ் பிடிப்பவர் அவருடைய கேள்வியை மறுநாள்தான் பார்ப்பார். ஒரு கேள்விக்கு ஒரு நாள் போய்விடும். வெள்ளிக்கிழமை என்றால் மூன்று நாள்.

இவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் குறுக்கு வழி தேடுவதுதான் மனித இயல்பு. டீம்மேட்டின் ஐடியில் லாகின் செய்வது, புரோகிராம் கோடைத் தன் ஜிமெயிலுக்கு அனுப்பி வீட்டில் எழுதுவது, திரையை போனில் படம் பிடிப்பது. இப்போது இன்னொன்று சேர்ந்திருக்கிறது: ஏஐ சாட்டில் கம்பெனி கோடை ஒட்டுவது. சாம்சங் ஊழியர்கள் 2023இல் அப்படி ஒட்டி, அந்த நிறுவனம் அத்தகைய கருவிகளையே தடை செய்யும் நிலை வந்தது. நிரந்தர ஊழியர் மாட்டினால் மெமோ, விசாரணை என்று ஒரு நடைமுறை இருக்கும். கான்ட்ராக்டர் மாட்டினால் அன்று மாலையே கார்டு வேலை செய்யாது. வெண்டரிடம் முறையிட முடியாது, அடுத்த ஒப்பந்தம் அவருக்கு முக்கியம்.

காத்திருக்கும் நேரத்தை டைம்ஷீட்டில் என்னவென்று எழுதுவது? "அனாலிசிஸ்" என்று எழுதச் சொல்லும் லீட்கள் உண்டு. எழுதாதீர்கள். "ஆக்சஸுக்குக் காத்திருப்பு" என்று எழுதி டிக்கெட் எண்ணைப் பக்கத்தில் போடுங்கள். முதலில் முகம் சுளிப்பார்கள். பில்லிங்கில் அந்த மணிநேரம் பணமாகத் தெரியும்போதுதான் மேலே ஒருவர் கேள்வி கேட்பார். என் அனுபவத்தில், எஸ்கலேஷன் மெயில் பத்து அனுப்பியும் அசையாத அப்ரூவல், இப்படி ஒரு பில் போன வாரத்தில் நகர்ந்திருக்கிறது. இந்த முழுச் சங்கிலியிலும் ஆளில்லாத இடம் இதுதான்: தாமதத்தின் செலவு யார் கணக்கிலும் ஏறுவதில்லை. பாதுகாப்பு டீமுக்கு, தவறாக அனுமதித்தால் வேலை போகும். அனுமதிக்காமல் வைத்திருந்தால் ஒன்றும் ஆகாது. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் "நாட் அப்ரூவ்ட்" என்றுதான் தட்டுவேன்.

புரொடக்‌ஷனில் கோடை ஏற்றுவது பற்றிச் சுருக்கமாக: எழுதியவரே ஏற்றக் கூடாது. என்ரான் ஊழலுக்குப் பிறகு 2002இல் வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டத்தின் நிழல் அது. கணக்குகளைத் தொடும் சிஸ்டத்தில் ஒருவர் கையிலேயே எல்லாம் இருக்கக் கூடாது. இதோடு மோத வேண்டாம். டிசம்பரில் மாற்றங்களுக்கே தடை வரும் என்பதால் நவம்பர் பாதிக்குள் முடிக்கத் திட்டமிடுங்கள்.

அதே டிசம்பரில் இன்னொரு குழி. கான்ட்ராக்டர் ஐடிக்கு முடிவுத் தேதி உண்டு. பெரும்பாலும் பிஓ (பர்சேஸ் ஆர்டர்) முடியும் டிசம்பர் 31. பிஓ நீட்டிப்பு ஒரு சிஸ்டத்தில், ஐடி நீட்டிப்பு வேறொரு சிஸ்டத்தில். "உங்க எக்ஸ்டென்ஷன் அப்ரூவ் ஆயிடுச்சு" என்று வெண்டர் சொன்னால் முதலாவது மட்டும்தான் முடிந்திருக்கும். நம்பி வீட்டுக்குப் போனால் ஜனவரி முதல் வாரம் லாகின் ஆகாது. அப்ரூவர் விடுமுறையில் இருப்பார். சில இடங்களில் முடிந்துபோன ஐடியைத் திறக்கவே மாட்டார்கள். புதிதாக முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதாவது இந்தக் கட்டுரையின் மூன்றாவது பத்தியிலிருந்து. நவம்பர் கடைசியிலேயே மேனேஜரிடம் உங்கள் ஐடியின் முடிவுத் தேதியைத் திரையில் திறந்து காட்டச் சொல்லுங்கள். வாய்ச்சொல் போதாது.

மேனேஜராக இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருஷத்துக்கு ஒரு நாள், புதுக் கான்ட்ராக்டருக்குக் கொடுக்கும் ஐடி ஒன்றை முறைப்படி உங்கள் பெயரிலேயே வாங்கி, அதே மெஷினில் உங்கள் ப்ராஜெக்டை பில்ட் செய்து பாருங்கள். எத்தனை டிக்கெட் தேவைப்பட்டது என்று எழுதி வையுங்கள். அந்தப் பட்டியலை அப்படியே அடுத்த கான்ட்ராக்டர் சேரும் முன்பே மொத்தமாகப் போட்டுவிட்டால், அவருடைய முதல் மாதச் சம்பளத்துக்கு உங்களுக்குக் கோடாவது கிடைக்கும்.

கடைசி நாள் வேலை குறைவு. ஆக்சஸை அவர்களே மூடிவிடுவார்கள், சொல்லப்போனால் நீங்கள் கடைசி மெயில் அனுப்பி முடிப்பதற்குள்ளேயே. லாப்டாப், சார்ஜர், டோக்கன், கார்டு நான்கையும் ஒப்படைத்து, சீரியல் எண்களோடு கையெழுத்துப் போட்ட ரசீது வாங்குங்கள். லாப்டாப் திரும்பி வரவில்லை என்று க்ளையன்ட் தரப்பில் ஒரு வரி எழுதினால் போதும், வெண்டர் உங்கள் ஃபைனல் செட்டில்மென்ட்டை நிறுத்திவிடுவார். அப்போது அதை மறுத்து மெயில் அனுப்ப உங்களிடம் க்ளையன்ட் மெயில் இருக்காது. ரசீதை உங்கள் சொந்த போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓடிசிக்கு வெளியே வந்த பிறகு.